வெட்டி எறிந்த நாற்பது வினாடிகள்

செய்தித் தொலைக்காட்சியில் படத்தொகுப்பாளராகப் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். கொலை, அடிதடி, கலவரம் எனக் கண்காணிப்புக் கேமராவில் பதிவானவை பெரும்பாலும் இரவு ஷிஃப்டில்தான் என் மேசைக்கு வரும். ரத்தம் தெரியும் இடத்தை மங்கலாக்குவது, தாக்குபவரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுவது, ஓங்கிய கை இறங்கும் கணத்தை மெதுவாக்குவது, அதையே திரும்பத் திரும்ப ஓடும்படி அடுக்குவது ஆகியவை என் அன்றாட வேலைகள். இதையெல்லாம் பார்த்து மக்கள் கெட்டுப்போக மாட்டார்களா என்று யாராவது கேட்டால், அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொல்லி நெடுங்காலம் கடந்து வந்தேன்.

அந்தப் பதிலை இனிச் சொல்ல முடியாமல் செய்தது ஒரே ஒரு பதிவு. சாலையோரத்தில் ஒருவரை மற்றொருவர் தாக்கும் காட்சி 11 வினாடிகள் இருந்தது. அதன் பிறகும் கேமரா ஓடியிருந்தது. அவ்வழியே வந்த ஒரு பெண் கைப்பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, விழுந்து கிடந்தவரின் தலையைத் தன் மடியில் ஏந்திக்கொள்கிறார். தாக்கியவரோ சற்றுத் தள்ளி, தன் கையையே பார்த்தபடி நடுங்கிக்கொண்டு நிற்கிறார். அந்த 40 வினாடிகளை வெட்டி எறிந்தவன் நான். மறுநாள் முழுவதும் 11 வினாடிகள் மட்டுமே ஓடின.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாங்களும் அவ்வாறே அடித்ததைக் காட்டிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவின் 1961ஆம் ஆண்டுச் சோதனை பலரும் அறிந்தது. பொம்மையை அடிப்பதும் மனிதரை அடிப்பதும் ஒன்றல்ல என்ற மறுப்பு நியாயமானதுதான். ஆனால் அவர் 1965இல் வெளியிட்ட ஆய்வு என் வேலையையே பற்றிப் பேசியது. அதில் குழந்தைகளுக்குக் காட்டிய படத்தின் முடிவு மட்டும் மூன்று விதமாக அமைந்திருந்தது: அடித்தவர் பரிசு பெறுகிறார், தண்டனை பெறுகிறார், எதுவுமே நடப்பதில்லை. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அதைச் செய்துகாட்டினார்கள்; செய்துகாட்டினால் பரிசு உண்டு என்றதும் அவர்களும் மற்றவர்களைப் போலவே செய்தார்கள். கற்றுக்கொள்வது எல்லோருக்கும் நடந்துவிடுகிறது, செயலாக மாறுவதில்தான் முடிவுக்குப் பங்கு இருக்கிறது. நாங்களோ எந்தக் காட்சியிலும் முடிவைத்தான் முதலில் வெட்டுகிறோம்.

இதைக் கொண்டு குற்றங்களுக்கெல்லாம் திரையே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வன்முறை நிறைந்த வீடியோ விளையாட்டுகளுக்கும் கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டு நடத்தைக்கும் சிறிய தொடர்பு உண்டு என்றும், அவற்றைக் கொடுங்குற்றங்களுடன் இணைக்கப் போதிய சான்று இல்லை என்றும் அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தெளிவுபடுத்தியது. குடும்பம், வறுமை, போதை ஆகியவற்றை மறந்துவிட்டுத் திரையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கும் உடன்பாடில்லை.

என்னை அதிகம் வருத்துவது பயம். தொலைக்காட்சியை அதிகம் பார்ப்பவர்கள் உலகத்தை உள்ளதைவிட ஆபத்தானதாக எண்ணுகிறார்கள் என்று ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதினார். என் தாயார் பகலிலும் கதவைத் தாழிட்டே வைத்திருக்கிறார். யாராவது அழைப்புமணி அடித்தால் ஜன்னல் வழியே நெடுநேரம் பார்த்த பிறகே குரல் கொடுக்கிறார். அவர் நாள் முழுவதும் பார்ப்பது நான் தொகுக்கும் செய்திகளைத்தான். அடிபட்டவரை மடியில் ஏந்திய அந்தப் பெண்ணும் அதே தெருவில்தான் இருந்தார் என்பதை அவருக்குக் காட்டாமல் விட்டவனும் நான்தான்.

இப்போது இத்தகைய பதிவு வரும்போது, உதவிக்கு வந்தவர்கள் தெரியும் பகுதியையும் சேர்த்தே முதல் வடிவத்தைச் செய்தி ஆசிரியரிடம் கொடுக்கிறேன். திரும்ப ஓட்டுவதை ஒருமுறையோடு நிறுத்தும்படியும் கேட்கிறேன். நேரமில்லை என்று பலமுறை திருப்பி அனுப்பிவிடுகிறார். சென்ற வாரம் 8 வினாடிகளுக்குச் சம்மதித்தார்.