பிராக்டிகல் வைவால என்னைய கவுத்த கேள்வி: "இது எப்ப இருந்து?"

கிளினிக்கல் சைக்காலஜி பிராக்டிகலுக்கு ரெடி ஆகுறவங்களுக்காக எழுதுறேன், மொத தடவ நான் ஃபெயில், அதையும் சொல்லிடுறேன். (கேஸ் விவரமெல்லாம் கொஞ்சம் மாத்தித்தான் சொல்றேன்.)

எனக்கு வந்தது ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்) கேஸ். பல வருஷமா மாத்திரை எடுக்குறவரு, ரொம்ப அமைதி, கேட்டா ஒரு வார்த்தைல பதில். நான் 60 கேள்வி இருக்குற நியோ எஃப்எஃப்ஐங்கற குணம் பாக்குற டெஸ்டை குடுத்து ஸ்கோர் போட்டு, "நியூராட்டிசிசம் (சட்டுனு கவலைப்பட்டு கலங்குற குணம்) ஹை, எக்ஸ்ட்ராவர்ஷன் (கலகலப்பா பழகுற குணம்) லோ, இவரு சுபாவமே ஒதுங்கிப்போற டைப்"னு கெத்தா வாசிச்சேன். எக்ஸாமினர் நிமிர்ந்து பாத்து "எப்ப இருந்து?"ன்னாரு. எனக்கு வாய் அடைச்சுப் போச்சு, ஏன்னா நான் யார்கிட்டயும் கேக்கவே இல்ல.

இங்கதான் எல்லாரும் விழுறோம். ஒருத்தர் யார்கூடவும் பேசாம இருக்காருன்னா அது அவரோட குணமா இருக்கலாம், வியாதியோட நெகட்டிவ் சிம்ப்டமா (பேச்சு, உணர்ச்சி, ஆர்வம் குறைஞ்சு போறது) இருக்கலாம், மாத்திரையால உடம்பு இறுகி முகத்துல அசைவே இல்லாம தெரியலாம், இல்ல குரல் கேக்குதுன்னு பயந்து ஒதுங்கியும் இருக்கலாம், ஆனா ஸ்கோர் ஷீட்ல இந்த நாலும் ஒரே மாதிரிதான் விழும். டிப்ரஷன்ல இருக்கும்போது எடுத்தா நியூராட்டிசிசம் ஏறித்தான் வரும், தெளிஞ்சப்புறம் எடுத்தா பெரும்பாலும் கொஞ்சம் இறங்கும். மேனியாவுல (அளவுக்கு மீறின உற்சாகத்துல இருக்கும்போது) எடுத்தா கேக்கவே வேணாம், ஊருக்கே ஃப்ரெண்டு மாதிரி ஸ்கோர் வரும். அதனால வியாதி அக்யூட்டா, அதாவது தீவிரமா இருக்குறப்ப எடுத்த ஸ்கோரை வெச்சு குணத்தைப் பத்தி தீர்ப்பு சொல்லாதீங்க, செட்டில் ஆனதும் திரும்ப எடுக்கணும்னு ரிப்போர்ட்லயே எழுதுங்க.

இன்னொரு கூத்து, வீட்டுக்கு வந்து அந்த ஆன்சர் ஷீட்டை மனசுல ஓட்டிப் பாத்தப்பதான் உறைச்சது. மொத பதினஞ்சு கேள்விக்கு பென்சில் அங்க இங்க நகர்ந்திருந்துச்சு, அதுக்கப்புறம் நேர் கோடு, எல்லாத்துக்கும் "ஒத்துக்கறேன்". கவலைப்படுவேன்னு வர்றதுக்கும் ஆமா, கவலையே இல்லன்னு வர்றதுக்கும் ஆமா. மனுஷன் டயர்டாயிட்டாரு, நான் கவனிக்கவே இல்ல. பாதில நிறுத்தி தண்ணி குடுத்து, மிச்சத்தை நானே வாசிச்சுக் கேட்டிருக்கணும்.

எம்எம்பிஐ-2ங்கற பெரிய குணம், மனநோய் டெஸ்டை எடுக்குறவங்க (1989ல வந்தது, 567 கேள்வி, ஒரே சிட்டிங்ல முடிக்கலாம்னு கனவு காணாதீங்க) எஃப் ஸ்கேல் ஏறிட்டா உடனே "நடிக்கிறாரு"ன்னு எழுதிடாதீங்க. சாதாரண ஜனங்க அபூர்வமா ஆமான்னு சொல்ற கேள்விகள வெச்சுதான் அந்த ஸ்கேலே இருக்கு, நிஜமாவே சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேக்குறது, நடக்காதத நம்புறது) இருக்குறவருக்கு ஏறத்தான செய்யும். முதல்ல அதே டெஸ்ட்ல இருக்குற விஆர்ஐஎன், டிஆர்ஐஎன்ங்கற ஸ்கேல்கள பாத்து, பதில்ல ஒழுங்கு இருக்கா, சும்மா ஆமா போட்டுட்டே போயிருக்காரான்னு தெரிஞ்சுக்கோங்க, அப்புறம் எஃப்பி ஸ்கேல் பாருங்க, அது பேஷண்ட்டுங்களே அபூர்வமா சொல்ற பதில வெச்சு பண்ணது.

தியரில கண்டிப்பா வர்றது ஐசிடி-11 (உலக சுகாதார அமைப்போட நோய்ப் பட்டியல்), அதுல பர்சனாலிட்டி டிஸார்டர் (குணக் கோளாறு) பகுதி. 2022 ஜனவரில அமலுக்கு வந்துச்சு, பழைய வகைகள தூக்கிட்டு முதல்ல லேசா, மிதமா, தீவிரமான்னு தீவிரம் பாக்கச் சொல்றாங்க, அப்புறம்தான் ட்ரெய்ட், அதாவது எந்த மாதிரி குணம்னு. அதுல அனன்காஸ்டியா (எல்லாம் கச்சிதமா, கட்டுப்பாடா இருக்கணும்ங்கற பிடிவாதம்) உண்டு, சைக்கோட்டிசிசம் (விசித்திரமான நினைப்பு, அனுபவம்) கிடையாது. டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல சங்கத்தோட கையேடு) மூணாவது செக்ஷன்ல இருக்குற மாடல்ல அப்படியே தலைகீழ். ஏன்னு கேட்டா, ஐசிடில ஸ்கிசோடைப்பல் டிஸார்டரை (விசித்திரமான நினைப்பும் நடத்தையும் இருக்குற நிலை) ஸ்கிசோஃப்ரீனியா குடும்பத்துல சேத்துட்டாங்கன்னு சொல்லுங்க, எக்ஸாமினர் முகம் மலரும்.

ரெண்டாவது அட்டெம்ப்ட்ல டெஸ்டை பேருக்குத்தான் வெச்சேன், நேரத்தை எல்லாம் பேஷண்ட்கூட வந்த அவரோட அக்காகிட்ட செலவழிச்சேன். "தம்பி எப்படிப்பட்டவரு"ன்னு கேட்டா "நல்லவன்தாங்க"ன்னு முடிச்சுடுவாங்க, அதுல ஒண்ணும் கிடைக்காது. "வியாதி வர்றதுக்கு முன்னாடி, வீட்டுக்கு சொந்தக்காரங்க வந்தா என்ன பண்ணுவாரு?"ன்னு கேட்டேன். "அய்யோ, குழந்தைங்கள எல்லாம் கூட்டி வெச்சு கதை சொல்லிட்டு இருப்பான், சாப்பிடக் கூப்ட்டாலும் வரமாட்டான்"னாங்க. இப்ப செவத்தப் பாத்து உக்காந்திருக்குற அதே ஆள். அதை அவங்க வார்த்தையிலயே ரிப்போர்ட்ல எழுதி, இப்ப எடுத்த லோ எக்ஸ்ட்ராவர்ஷன் பக்கத்துலயே போட்டேன், இந்தத் தடவ "எப்ப இருந்து"ங்கற கேள்வியே வரல.

அப்புறம் ஸ்கோரிங் கீயை பைல வெச்சீங்களான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க, ரெண்டாவது தடவ அதை ரூம்லயே விட்டுட்டுப் போய் பக்கத்து டேபிள்ல கெஞ்சி வாங்கினவ நானு.