நாமக்கல் எம்.பி. டெல்லியில் என்ன பேசினார்? அவைப் பதிவைத் தேடிப் படித்த அனுபவம்

திருச்செங்கோட்டில் நாங்கள் நடத்தும் வாசகர் வட்டத்தில் ஈ.வெ.கி. சம்பத் பேச்சு வந்தால் லேசில் முடியாது. "இந்தி மொழியத் திணிக்க மாட்டோம்னு நேருகிட்டப் பார்லிமெண்ட்லயே எழுதி வாங்குனவருங்க அவரு" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "எழுதியெல்லாம் வாங்கலீங்க, நேரு வாயால சொன்னதுதான்" என்று இன்னொருவர் மறிப்பார். ஆளுக்கொரு மேடைப் பேச்சு சாட்சி. சரி, அவைப் பதிவையே எடுத்துப் பார்த்துவிடலாம் என்று நான் இறங்கினேன்.

சம்பத் 1957-இல் நாமக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனவர். அந்த அவையில் தி.மு.க.வுக்கு இருந்ததே இரண்டு பேர். மற்றவர் திருவண்ணாமலை இரா. தர்மலிங்கம். பக்கத்துத் தொகுதியான திருச்செங்கோட்டுக்கு காங்கிரஸின் டாக்டர் பி. சுப்பராயன், குமாரமங்கலம் ஜமீன்தார். கோயமுத்தூருக்கு அவருடைய மகள் பார்வதி கிருஷ்ணன், கம்யூனிஸ்ட். அப்பா ஆளும் வரிசையில், மகள் எதிர் வரிசையில். ஒரே அவையில் கொங்கு நாட்டுக்கு இப்படி ஒரு கூட்டம் வாய்த்தது எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலில் நூலகம். ஊர் பெயர் வேண்டாம். பழைய தொகுதிகள் மேல்தட்டில் இருக்கின்றன, இறக்கிக் கொடுக்க ஆளில்லை என்றார்கள். ஏணி இருந்தது. ஏறுவதற்கு அனுமதி இல்லையாம். அதோடு அந்த வழியை விட்டுவிட்டேன். நாடாளுமன்றத்தின் மின்னூலகத்தில் பழைய விவாதங்களை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். காசு இல்லை, யாரும் திறந்து பார்க்கலாம்.

பெயரைப் போட்டுத் தேடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது பாதிக் கிணறு கூடத் தாண்டாது. பழைய அச்சை இயந்திரம் வாசித்த எழுத்தில் பிழை மலிந்திருக்கும். ஒரே ஆள் ஓரிடத்தில் முதலெழுத்துகளோடு, இன்னோரிடத்தில் இல்லாமல் வருவார். சுப்பராயன் 1959-இல் போக்குவரத்து, தகவல்தொடர்பு அமைச்சர் ஆன பிறகு, பதவிப் பெயரைச் சொல்லிவிட்டு அடைப்புக்குள்தான் ஆள் பெயரே வரும். எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர் இருக்கிறார். அவர்தான் வழி காட்டினார்: "ஏனுங் தம்பி, பேரப் புடிச்சுட்டுப் போனா எப்படிங் கெடைக்கும்? தேதியப் புடிங்க. கேஸ் கட்டு மாதிரிதானுங்க இதுவும்."

தேதிக்கு வருவோம். ஆங்கிலத்தை எட்டாவது அட்டவணையில், அதாவது அரசமைப்பின் மொழிப் பட்டியலில், சேர்க்க வேண்டும் என்று ஆங்கிலோ இந்திய உறுப்பினர் ஃபிராங்க் அந்தோணி கொண்டுவந்த தீர்மானத்தின் மீது நேரு பேசியது 1959 ஆகஸ்ட் 7. நாட்காட்டியில் அது வெள்ளிக்கிழமை. இந்தக் கிழமைக்கு ஒரு பயன் உண்டு. அமைச்சர் அல்லாத உறுப்பினர்களின் தீர்மானங்களுக்கு வெள்ளிக்கிழமைப் பிற்பகல்தான் நேரம். ஒரு நாள் பதிவு ஒரே கோப்பாக நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும். முன்பாதி முழுக்கக் கேள்வி நேரமும் மேசையில் வைத்த தாள்களுமாக இருக்கும். வெள்ளிக்கிழமை என்று தெரிந்தால் கடைசியிலிருந்து புரட்டலாம். இன்னொன்று: பக்கத்துக்கு எண் கிடையாது, நிரலுக்கு (பத்திக்கு, column) தான் எண். ஒரு பக்கத்தில் இரண்டு நிரல். யாராவது "இன்ன எண்ணில் இருக்கிறது" என்று சொன்னால் அதைப் பக்கம் என்று நினைத்துத் தேடக்கூடாது.

ஆங்கிலம் கூடுதல் மொழியாகத் தொடரும், எவ்வளவு காலம் என்பதை இந்தி பேசாத மக்களிடமே விடுகிறேன் என்பதுதான் நேரு அன்று சொன்னதன் சாரம். அதாவது உறுதிமொழி அவையில் வந்தது உண்மை. ஆனால் வந்தது அந்தோணியின் தீர்மானத்தின் மீது. சம்பத்துக்கு நேரு எழுதிய கடிதம் தனிக் கதை, ஓராண்டு தள்ளி 1960 ஆகஸ்டில் வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஆட்சிமொழியாக இந்தியை வளர்ப்பது பற்றிய குடியரசுத் தலைவரின் ஆணை வெளியாகி, அதை எதிர்த்து தி.மு.க. கறுப்புக்கொடி காட்டத் தயாரானபோது, முன்பு அவையில் சொன்னதே நிற்கிறது என்று நேரு எழுதினார்; போராட்டம் கைவிடப்பட்டது. மேடையில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். ஆக எங்கள் வட்டத்தில் சண்டை போட்ட இருவருமே பாதிப் பாதி சரி.

இதே விஷயத்தில் சுப்பராயனைச் சும்மா ஆளுங்கட்சிக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. 1955-இல் அமைத்த பி.ஜி. கேர் தலைமையிலான ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினராக இருந்து, அறிக்கைக்கு மாறுபட்ட குறிப்பு எழுதியவர் அவர். மறுத்து எழுதிய இன்னொருவர் வங்காளத்து சுநீதி குமார் சாட்டர்ஜி. இதை அவை விவாதத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது, ஆணைய அறிக்கையின் பின்பக்கத்துக்குப் போக வேண்டும். என்னைக் கேட்டால் சம்பத்தின் மேடை முழக்கம் அளவுக்கு இந்தக் குறிப்பையும் ஊரில் பேச வேண்டும்.

நடுவே இந்திப் பேச்சுகள். அப்போது உடனுக்குடன் மொழிபெயர்க்கும் வசதி அவையில் கிடையாது, அது 1964-இல்தான் வந்தது. இந்தியில் பேசினால் நாகரி எழுத்தில் அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். இந்தித் திணிப்பு உண்டா இல்லையா என்ற வாதத்தை, கைப்பேசி கேமராவைக் காட்டி மொழிபெயர்த்துப் படிக்க வேண்டிய நிலை. பாதி புரிந்தது. மீதிக்குப் பக்கத்து வீட்டில் இந்திப் பரீட்சை எழுதும் பாப்பா உதவினாள்.

மொழியை முடித்துவிட்டு எல்லைக்குப் போனேன். ஆந்திர, சென்னை மாநிலங்களின் எல்லை மாற்றச் சட்டம் 1959-இல் இந்த அவையில்தான் நிறைவேறியது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி நம் பக்கம் வந்தது அதன்படிதான். கைமாறும் கிராமங்களை அட்டவணையில் பெயர் பெயராக அடுக்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கொள்ளேகால் ஞாபகம் வந்து, 1956 மாநில மறுசீரமைப்புச் சட்டத்தைத் திறந்தேன். மாதேஸ்வரன் மலைக்கு நம் சனம் இன்றைக்கும் போகிறது. அந்த மலையும் சேர்ந்த கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை கோயமுத்தூர் மாவட்டம். அது மைசூர் மாநிலத்துக்கு (இன்றைய கர்நாடகம்) போன செய்தி சட்டத்தில் அரை வரிதான், அதுவும் தென் கன்னட மாவட்டத்தோடு ஒட்டி வருகிறது. அரசமைப்பின் 3-ஆவது பிரிவின்படி இதற்கு மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை. அந்தக் கருத்தைச் சொல்லவும் காலக்கெடு வைக்கலாம் என்று 1955 டிசம்பரில் தனியாக ஒரு திருத்தமே செய்து வைத்துக்கொண்டார்கள்.

அதனால் கொள்ளேகாலுக்காக யார் வாய் திறந்தார்கள் என்று பார்க்க, மாநில மறுசீரமைப்பு ஆணைய அறிக்கை மீதான 1955 டிசம்பர் விவாதத்தையும், மசோதா மீதான 1956 விவாதத்தையும் முழுதாகப் படிக்க வேண்டும். அது சம்பத் அவைக்கு வருமுன் நடந்தது, முதல் மக்களவை. மாநிலங்களவையில் அப்போது சுப்பராயனும் பார்வதியும் இருந்தார்கள், அந்தப் பதிவுக்குத் தனித் தளம்.

1959 ஆகஸ்ட் 7 பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வட்டத்தில் கொடுத்தேன். கடிதம்தான் பெரிதா, அவையில் சொன்னதுதான் பெரிதா என்று இப்போது புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள். குமாஸ்தா அண்ணா கொள்ளேகால் கட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.