ஐந்து புள்ளி எசுக்கர்

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் மூன்றாம் தடவையும் தொலைபேசி எடுத்துவிட்டார். மைதானம், மாமரம், பிரம்படி, கன்ரீன் வடை எல்லாவற்றையும் போன மலரிலேயே மற்றவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் கிடப்பது எசுக்கர்தான்.

ஏ.எல். புவியியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ரீச்சர் கரும்பலகையில் பாம்பு நெளிந்த மாதிரி ஒரு கோடு இழுத்துவிட்டு, "எசுக்கர் என்றால், பனிக்கட்டிக்குக் கீழே சுரங்கம் போல ஓடின ஆறு, கொண்டுவந்த மணலையும் பரலையும் போட்டுவிட்டுப் போன மேடு. ஐந்து புள்ளி. படம் கீறினால்தான் முழுப் புள்ளி" என்றார். எங்கள் வகுப்பில் பனிக்கட்டி கண்டவர்கள் என்றால், ஐஸ்பழக்காரரின் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவர்கள்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு கீறும் அளவுக்கு அந்தப் படத்தைப் பழகி வைத்திருந்தேன். சோதனையில் அது வரவேயில்லை.

2012இல் படிப்புக்காகப் பின்லாந்தின் கிழக்கே சவொன்லின்னா என்ற ஊருக்குப் போனேன். ஹெல்சிங்கியில் ரயில் ஏறி, பரிக்கலாவில் இறங்கி, பஸ் மாதிரி இருக்கும் ஒரு சின்ன ரயிலுக்கு மாறிப் போக வேண்டும். ஊர் சைமா ஏரிக்குள் தீவு தீவாகக் கிடக்கிறது. சைமாவின் பரப்பு ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டம் நான்கை உள்ளே இறக்கிவிட்டுப் பிறகும் கொஞ்சம் நீந்தலாம்.

ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒலாவின்லின்னாக் கோட்டை. ரஷ்யர் வராமல் காக்க 1475இல் கட்டத் தொடங்கியது. ஜூலையில் அதற்குள் ஒபேரா நடக்கும், ஊரில் அறை கிடைக்காது. ரிக்கெற் விலை மாணவனுக்கு எட்டாது என்பதால் ஒபேராவைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. எனக்குப் பிடித்தது கோட்டையைச் சுற்றி ஓடும் நீரோட்டம். ஏரி முழுக்க உறைந்து கார் ஓடுகிற மாதத்திலும் அந்தத் துண்டு மட்டும் உறையாது. வாத்துகள் எல்லாம் அங்கேதான் நிற்கும், நல்லூர்த் தேருக்குச் சனம் நிற்கிற மாதிரி.

சந்தை கரையிலேயே. லோர்ட்ஸி என்று பாதி நிலா வடிவில் ஒரு பலகாரம், எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேரே தாளில் சுற்றித் தருவார்கள். உள்ளே அரைத்த இறைச்சியும் சோறும். நம்முடைய பற்றிஸின் பெரியண்ணன் என்று வையுங்கள், மிளகாய்தான் இல்லை. முயிக்கு என்ற சின்ன மீனைக் கம்பு போன்ற ரை மாவில் பிரட்டிப் பட்டரில் பொரித்து, தலையிலிருந்து வால்வரை முள்ளோடு தின்கிறார்கள். அதற்கு ஒருவரும் எனக்குப் பயிற்சி தர வேண்டியிருக்கவில்லை.

முதல் கோடையில் ஒருநாள் புன்காஹர்யு பார்க்கப் போனேன். ஏரிக்கு நடுவே 7 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு ஒடுங்கிய மேடு. பைன் மரங்கள், இரண்டு பக்கமும் சரிவு, இரண்டு பக்கமும் தண்ணீர். சில இடங்களில் உச்சியில் பழைய தெருவுக்கு மட்டும்தான் இடம். பாதி வழியில் விளம்பரப் பலகை ஒன்றில் அந்தப் பழைய நெளிந்த கோடு. காலணியால் மண்ணைக் கிளறினேன். மணல், அதற்குள் உருண்டை உருண்டையாகப் பரல், ஆற்றில் உருண்ட பரல். ரீச்சர் சொன்னது பொய்யில்லை. ஐந்து புள்ளியின் மேலேயே உட்கார்ந்து சோற்றுப் பார்சலை அவிழ்த்தேன்.

அதே பனிக்கட்டி இன்னொன்றையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதை ரீச்சர் சொல்லவில்லை. பனி உருகி நிலம் மெல்ல உயர்ந்தபோது, கடலுக்குத் திரும்ப வழியில்லாமல் ஏரிக்குள் அகப்பட்ட கடல்நாய். அங்கே நோர்ப்பா என்பார்கள். இந்த வகை உலகத்தில் வேறெங்கும் இல்லை. 1980களில் 200க்கும் குறைவாக இருந்தது, இப்போது 400ஐத் தாண்டிவிட்டது. தாய் பெப்ரவரி, மார்ச்சில் தீவுக்கரைப் பனிக்குவியலுக்குள் கீழிருந்து வளை தோண்டிக் குட்டி போடும். பனி குவியாவிட்டால் குட்டி வெட்டவெளியில் குளிரிலும் நரி வாயிலும் அகப்படும்.

2014 குளிர்காலத்தில் பனி விழவில்லை, விழுந்ததும் போதவில்லை. அரச வனத்துறைக்காரரும் தொண்டர்களும் கையால் பனி குவிக்கக் கிளம்பினார்கள். எங்கள் கட்டடத்தில் இருந்த முதியவர் ஒருவர், இரண்டு வருடத்தில் என்னோடு நாலு வார்த்தை கதைத்தவர், ஒருநாள் மாலை கதவைத் தட்டினார். "நாளைக்கு வா. கோலா கொண்டுவா." நான் கடைக்குப் போய் இரண்டு போத்தல் கோலா வாங்கிக்கொண்டு போய் நின்றேன். பனியைத் தள்ளிக்கொண்டு போகிற, கைபிடி வைத்த பெரிய தகரத் தட்டுக்குத்தான் அங்கே கோலா என்று பெயர். அவர் போத்தல்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த ஆள் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான், அதுவும் முதுகைத் திருப்பிக்கொண்டு.

உறைந்த ஏரியில் நடந்து, பெயர் வெளியில் சொல்லக்கூடாத ஒரு தீவின் கரைக்குப் போனோம். ஏரிமேல் கிடந்த மெல்லிய பனியை நாலாபக்கமும் இருந்து வழித்துத் தள்ளி, கரையோரம் நீளமாகக் குவித்து, மண்வெட்டி முதுகால் தட்டி இறுக்க வேண்டும். இடுப்புக்கு மேல் உயர வேண்டும். மத்தியானத்துக்குள் உள்சட்டை நனைந்துவிட்டது. இப்போது கனடாவில், ஸ்காபரோவில் வாசல் பனி வழிக்கும்போது வாயில் வருகிற வார்த்தைகளில் ஒன்றுகூட எனக்கு அன்று வரவில்லை. தயார் செய்து வைத்த வீட்டுக்கு யார் குடிவருவார்கள் என்று தெரியாமல் திரும்பினோம். வசந்தத்தில் கணக்கெடுத்தபோது, கண்ட குட்டிகளில் பெரும்பாலானவை மனிதர் குவித்த குவியல்களில் பிறந்திருந்தன. முதியவர் அந்தச் செய்தி வந்த பத்திரிகையை என் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டுப் போயிருந்தார்.

இப்போது ஒவ்வொரு மே மாதமும் நோர்ப்பா ஏறிப் படுக்கிற கல் ஒன்றை இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள். போன வருடம் இணைப்பை ரீச்சருக்கு அனுப்பினேன். ஊரில்தான் இருக்கிறார், கண் இன்னும் நல்லது. இரண்டு நாள் கழித்து எடுத்தார்.

"தம்பி, மூண்டு மணித்தியாலமாப் பாக்கிறன், ஒண்டும் வரேல்லை. வெறுங் கல்லுத்தான்."

"வரும் ரீச்சர், கொஞ்சம் பொறுங்கோ."

"வராட்டிலும் பறவாயில்லை. நல்ல கல்லு. பனிக்கட்டி தேய்ச்ச வழவழப்பு அப்பிடியே தெரியுது."