பீக்கோவும் தம்பியின் சாரமும்: ஆறு வாரம் செய்து பார்த்தது

தம்பி கொழும்புக்கு வேலைக்குப் போன மூன்றாம் நாள் எங்கள் நாய் பீக்கோ சாப்பாட்டை விட்டுவிட்டான். தட்டை முகர்ந்து பார்ப்பான், திரும்பிப் போய் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) தம்பியின் பழைய செருப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வான். ரோட்டில் த்ரீவீலர் சத்தம் கேட்டால் மட்டும் காது நிமிரும்.

பீக்கோ ஜாதி நாய் இல்லை, தோட்டத்து நாய்தான். மூன்று வருடத்துக்கு முன்பு ஸ்டோருக்குப் பின்னால் மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியைத் தம்பி சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தான். பீக்கோ என்கிற தேயிலைத் தூளின் நிறம், அதனால் அந்தப் பெயர். எங்கள் வீடு இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் தொங்கல் காம்பரா, அதாவது கடைசி வீடு. அம்மா கொழுந்து பறிக்கப் போகிறார். நான் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். நாய்க்கென்று கடையில் விற்கிற சாப்பாடு, மெத்தை, விளையாட்டுச் சாமான் எதையும் வாங்க எங்களால் முடியாது. வீட்டில் இருப்பதை வைத்தே அவனைத் தேற்ற முடியுமா என்று செய்து பார்த்து, ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். இது அந்தக் கொப்பியிலிருந்து.

ஜூன் 7

முதல் நாள் செய்தது இரண்டும் பிழை. பாசமாக இருக்கட்டும் என்று கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கொட்டாவி விட்டான், உதட்டை நக்கினான், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். தூக்கம் வருகிறது போல என்று நினைத்தேன். பிறகு மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் குளிப்பாட்டினேன். ஜூன் மாத மழையில் பீலித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடுங்கிக்கொண்டே ஓடி, அடுப்படிக்குப் பின்னால் விறகுக்குள் போய் ஒளிந்துகொண்டான். அன்றிரவு செருப்புக்குப் பக்கத்துக்குக் கூட வரவில்லை.

ஜூன் 11

விசர்நாய்த் தடுப்பூசி போடத் தோட்டத்துக்கு வந்தார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் இலவசமாகப் போடுகிறார்கள், கார்டும் தருகிறார்கள். ஊசி போட்டவரிடம் கட்டிப்பிடித்த கதையைச் சொன்னேன். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவதும், பசியில்லாத நேரத்தில் உதட்டை நக்குவதும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பதும் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று நாய் சொல்கிற விதம் என்றார். "பக்கத்துல சும்மா உக்காருங்க தங்கச்சி. அவனா வரட்டும். வந்தா நெஞ்சுல, காதுக்கு அடியில சொறிஞ்சு விடுங்க. அஞ்சு செக்கன்ல கைய எடுத்துப் பாருங்க. வேணும்னா அவனே கேப்பான்."

அன்று மாலையே செய்தேன். இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன், அவனைப் பார்க்கவே இல்லை. அரை மணி நேரம் கழித்து முழங்காலில் மூக்கு பட்டது. ஐந்து எண்ணும்வரை நெஞ்சில் சொறிந்து கையை எடுத்தேன். முன்னங்காலால் என் கையைத் தட்டினான். அவனாகக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

ஜூன் 14

படுக்கை. சீமெந்துத் தரை உடம்புச் சூட்டை இழுத்துவிடும், மேலே எத்தனை துணி போட்டாலும் கீழே இருந்து குளிர் ஏறும். அதனால் மூன்று பலகையை இரண்டு செங்கல்லின் மேல் வைத்து, அரிசிச் சாக்குக்குள் காய்ந்த மானாப்புல்லை அடைத்துத் தைத்து, அதன்மேல் அப்பாயியின் பழைய கம்பளியை மடித்துப் போட்டேன். அப்பாயி மலைக்குப் போகும்போது தலையில் போட்டிருந்த கறுப்புக் கம்பளி அது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தாலும் சூடு அப்படியே இருக்கிறது.

எங்கே வைப்பது என்பதில்தான் அம்மாவுக்கும் எனக்கும் ஒரு வாரம் இழுபறி. அம்மாவுக்கு நாய் இஸ்தோப்பைத் தாண்டக் கூடாது. ஆனால் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இரவில் சிறுத்தை இறங்குகிறது, வெளியே கட்டிப்போட்ட நாயைத்தான் சுலபமாகத் தூக்கிக்கொண்டு போகும். கட்டிப்போட்டிருப்பதால் அதற்கு ஓடவும் வழியில்லை. இதை அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் "அடுப்படி மூலையோட சரி, உள்ள வரக் கூடாது" என்றார். எனக்கு அது போதும். இரவில் நாயைச் சங்கிலியில் வெளியே விடுகிற பழக்கம் லயம் முழுக்க இருக்கிறது. காவலுக்கென்றுதான் செய்கிறார்கள் என்பது தெரியும். ஆனாலும் வீட்டுக்குள் ஒரு மூலை கொடுப்பதைவிடப் பெரிய காவல் அந்த உயிருக்கு வேறு இல்லை என்று நான் நினைக்கிறேன்.

ஜூன் 20

சாப்பாடு. இதுவரை நாங்கள் தின்று மிஞ்சியதை அப்படியே கொட்டினோம். வெங்காயம், பூண்டு, லீக்ஸ் மூன்றும் நாயின் சிவப்பு இரத்த அணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்தக் கெடுதல் போகாது என்பதை இப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். லீக்ஸ் விளைகிற ஊரில் இருந்துகொண்டு எத்தனை நாள் லீக்ஸ் கறியை அவன் தட்டில் போட்டிருக்கிறோம் என்று நினைத்தால் மனது கஷ்டப்படுகிறது. வேகவைத்த கோழி எலும்பையும் நிறுத்திவிட்டேன், அது சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். பக்கத்துக் காம்பரா பெரியம்மா ஆசையாகச் சாசரில் ஊற்றி வைக்கிற பால்தேத்தண்ணியையும் மெதுவாகச் சொல்லி நிறுத்தினேன். தேயிலையில் இருக்கிற கஃபீன் நாய்க்கு ஆகாது. பெரியம்மா கோபிக்கவில்லை. "அப்ப நான் என்ன குடுக்கிறது?" என்று கேட்டார். இப்போது தினமும் ஒரு துண்டு அவித்த வத்தாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளி) அவர் கையால் வருகிறது.

நான் செய்வது இவ்வளவுதான்: தாளிப்பதற்கு முன்பே உப்பு போடாத பூசணிக்காயிலும் கரட்டிலும் கொஞ்சம் எடுத்து வைத்து, சோற்றில் பிசைந்து, வாரம் இரண்டு நாள் கோழி ஈரலைச் சேர்க்கிறேன். அரைத் தட்டு சாப்பிட்டான். 23ஆம் தேதி முழுத் தட்டும்.

ஜூன் 25

முட்டை அட்டையின் குழிகளில் ரொட்டித் துண்டுகளைப் போட்டு, மேலே பழைய பேப்பரைக் கசக்கி மூடிக் கொடுத்தேன். கால் மணி நேரம் தேடித் தேடித் தின்றான். அட்டையைக் கிழித்து எறிந்தான், நான் கூட்டினேன். நல்ல மழை நாளுக்கு இது போதும். பழைய நீலக் காலுறைக்குள் துணியைத் திணித்து ஒரு பந்தும் செய்தேன். நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், சிவப்பு புல்லுக்குள் பிரிந்து தெரியாது. ஆனால் பந்தில் அவனுக்கு ஆசை இல்லை. விட்டுவிட்டேன்.

ஜூன் 28 முதல்

நடை. தம்பி இருந்தபோது பீக்கோ அவனுக்குப் பின்னால் வேகமாகப் போய்வருவான். நான் கயிறைக் கட்டி நடந்தபோதும் அவசரம்தான், வேலைக்கு நேரமாகிவிடும். ஒரு நாள் பிள்ளைக்காம்பரா லீவு. சரி, இன்றைக்கு அவன் போகிற வழியில் நான் போகிறேன் என்று கயிறைத் தளர்த்திப் பிடித்தேன்.

லயத்திலிருந்து, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களம் வரைக்கும் பத்து நிமிட நடை. அன்றைக்கு ஐம்பது நிமிடம் ஆனது. கானோரத்தில் ஒரு கல்லை மட்டும் மூன்று நிமிடம் முகர்ந்தான். தேயிலைச் செடியின் அடியில் மூக்கை நுழைத்து, தும்மி, மறுபடியும் நுழைத்தான். தவறணை முக்கில் நின்று காற்றை இழுத்தான். அந்த இடங்களில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, பனியும் பச்சையும்தான். அவனுக்கோ அங்கே யார் போனது, எப்போது போனது, எந்த நாய் எந்தப் பக்கம் திரும்பியது எல்லாம் இருந்தது. திரும்பி வரும்போது வால் நிமிர்ந்திருந்தது. தம்பி போனதற்குப் பிறகு அந்த வாலை அப்படி நான் பார்க்கவே இல்லை. வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு, கம்பளியில் விழுந்து குறட்டை விட்டுத் தூங்கினான்.

அதிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் இப்படித்தான். தூரம் கணக்கில்லை, நேரம் மட்டும்தான். அவன் நின்றால் நானும் நிற்கிறேன். செய்து பார்த்தவற்றில் அவனை மாற்றியது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

மழைக்காலம் என்பதால் வந்தவுடன் இரத்தம் குடிக்கிற அட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரலிடுக்கு, காதுக்குள், வாலடி, மூக்குத் துவாரம் வரைக்கும். பிய்த்து இழுக்காமல் நகத்தை அடியில் கொடுத்துத் தள்ளினால் கழன்றுவிடும். அட்டையின் எச்சில் இரத்தத்தை உறையவிடாது, அதனால் கழன்ற பிறகும் கொஞ்ச நேரம் கசியும், பயப்படத் தேவையில்லை. முதலில் காலைத் தொட விடமாட்டான். இப்போது நான் டோர்ச்சை எடுத்தாலே மல்லாந்து நான்கு காலையும் நீட்டுகிறான்.

ஜூலை 12

இவ்வளவு செய்தும் த்ரீவீலர் சத்தத்துக்கு அவன் காது நிமிர்வது நிற்கவில்லை. அதைப் பற்றித் தேடும்போது ஓர் ஆய்வைப் படித்தேன். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர், ஸ்கேன் மெஷினுக்குள் விழித்தபடியே அசையாமல் இருக்க நாய்களைப் பழக்கியிருக்கிறார்கள். 2015இல் வந்த ஆய்வில் 12 நாய்களுக்கு வெவ்வேறு வாசனைகளைக் காட்டினார்கள்: தன் வாசனை, தெரிந்த மனிதர், தெரியாத மனிதர், தெரிந்த நாய், தெரியாத நாய். நல்லது வரப்போகிறது என்று எதிர்பார்க்கும்போது மூளையில் வேலை செய்கிற பகுதி, தெரிந்த மனிதரின் வாசனைக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வேலை செய்திருக்கிறது. அந்த மனிதர் அங்கே இல்லாதபோதும்.

தம்பிக்குப் போன் எடுத்தேன். மூன்று இரவு கட்டிப் படுத்த சாரத்தை (லுங்கியை) துவைக்காமல், பொலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொன்னேன். "அக்கா, நாத்தமடிக்குமே" என்றான். அதுதான் வேண்டும் என்றேன்.

ஜூலை 15

சாரம் வந்தது. அடுப்படியில் பையை அவிழ்த்தேன். பீக்கோ எழுந்து வந்தான், மூக்கை வைத்தான், அப்படியே நின்றுவிட்டான். வாசலுக்கு ஓடினான், ரோட்டைப் பார்த்தான், திரும்பி வந்து மறுபடியும் முகர்ந்தான். இப்படி மூன்று தடவை. தம்பி வந்திருக்கிறான் என்று நினைத்து ஏமாந்துவிட்டானோ என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. செய்திருக்கக் கூடாதோ என்றுகூட நினைத்தேன். பிறகு சாரத்தைப் பல்லில் பிடித்துக் கம்பளி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், காலால் கிளறிச் சுருட்டி, அதற்குள் முகத்தை வைத்துப் படுத்தான். பெரிய பெருமூச்சு ஒன்று விட்டான்.

இரவு ஏழு மணி த்ரீவீலர் போனது. அவன் காது அசைந்தது, தலை எழவில்லை.

அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கம்பளியை அடுப்புக்கு இன்னும் ஒரு சாண் பக்கத்தில் இழுத்துவிட்டார்.

ஜூலை 20

இதுவரை செலவு: ஈரலுக்குக் கொஞ்சம், உண்ணி எடுக்கும் சீப்புக்குக் கொஞ்சம், இரண்டும் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டவில்லை. குளிப்பு இனி வெந்நீரில், வெயில் அடிக்கிற நாளில், மாதம் ஒரு தடவை.

சாரத்தில் வாசனை குறைந்துகொண்டு வருகிறது. பகலில் மடித்துப் பொலித்தீன் பையில் கட்டி வைக்கிறேன், இரவில் மட்டும் எடுத்துக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் தம்பியின் சட்டை ஒன்று வருகிறது. துவைத்துவிடாதே என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.