கை மவுஸுக்குப் போகாமல் இருக்க

கோட் எழுதுகிற வேலையில் எழுதுவதைவிடத் தேடுவதுதான் அதிகம். இந்த ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் கோட் துண்டு) எந்த ஃபைலில் இருக்கிறது, அந்த வேரியபிளை (மதிப்பு ஒன்றுக்கு வைத்த பெயர்) வேறு எங்கெல்லாம் தொட்டிருக்கிறோம் என்று அலைவதிலேயே பாதி நாள் போய்விடும். மதுரை அண்ணா நகரில், ஜவுளிக் கடைகளுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதும் சின்ன அலுவலகம் எங்களுடையது. கோட் எழுதப் பயன்படுத்தும் எடிட்டர் சாஃப்ட்வேர், விஎஸ் கோட். பக்கத்து சீட் அண்ணன் மவுஸைத் தொட்டு நான் பார்த்ததில்லை. "எப்படிண்ணே?" என்று கேட்டால், "உனக்கு எது எரிச்சலா இருக்கோ அதுக்கு மட்டும் ஒரு கீ கத்துக்கப்பா, அது போதும்" என்பார்.

எடிட்டரின் ஹெல்ப் மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட் எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிய பிடிஎஃப் கிடைக்கும். எங்கள் அலுவலகச் சுவரிலும் ஒன்று ஒட்டியிருக்கிறது. யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

என் முதல் எரிச்சல் ஃபைல் திறப்பது. இடது பக்கப் பட்டியலில் ஃபோல்டர் ஃபோல்டராக விரித்துக்கொண்டே போக வேண்டும். கன்ட்ரோல்+பி அதைத் தீர்த்தது. பெயர் முழுக்க வேண்டாம், நடுவில் நாலு எழுத்து அடித்தாலே பட்டியல் வந்துவிடும். பெயருக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளியும் வரி எண்ணும் சேர்த்தால் நேராக அந்த வரியில் போய் நிற்கும். டெஸ்டர் "இன்வாய்ஸ் ஃபைல்ல 240-வது வரி" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அங்கே இருக்கலாம்.

அடுத்து கன்ட்ரோல்+ஷிஃப்ட்+பி. ஒரு பெட்டி திறக்கும். அதில் எந்தக் கட்டளையின் பெயரை அடித்தாலும் அதற்கான கீ இருந்தால் அதையும் பக்கத்திலேயே காட்டும். தினமும் தேடுகிற கட்டளை என்றால் அந்த கீ தானாகக் கண்ணில் பட்டுப் பட்டு விரலுக்கு வந்துவிடும். என்னைக் கேட்டால் சுவரில் ஒட்டும் பிடிஎஃப்பைவிட இதுதான் நல்ல வாத்தியார்.

எனக்கு மிகவும் பிடித்தது கன்ட்ரோல்+டி. அதே சொல் ஃபைலில் அடுத்து வரும் இடத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும். பில் கணக்குப் போடும் ஃபைல் ஒன்றில் 'ரேட்' என்ற பெயரை 'யூனிட்ரேட்' என்று மாற்ற வேண்டியிருந்தது. மவுஸால் இழுத்து அந்த எழுத்துகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு கன்ட்ரோல்+டி அடித்தால், 'ஜெனரேட்' என்ற ஃபங்ஷன் பெயரின் வாலையும் பிடித்துக்கொள்கிறது. எதையும் தேர்ந்தெடுக்காமல் கர்சரை அந்தச் சொல்லின்மேல் வைத்துவிட்டு அடித்தால், முழுச் சொல்லாக இருக்கும் இடங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தையும் பார்த்துக்கொள்கிறது. ஓர் இடம் வேண்டாம் என்றால் கன்ட்ரோல்+கே, கன்ட்ரோல்+டி. அதை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும். ஒன்று கூடுதலாகப் பிடித்துவிட்டால் கன்ட்ரோல்+யு. அப்புறம் டைப் செய்தால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் மாறும்.

ஆனால் பெயர் பல ஃபைல்களில் பரவியிருந்தால் எஃப்2-தான் சரி. வெறும் எழுத்தைப் பார்க்காது, அந்த வேரியபிள் எது என்று புரிந்துகொண்டு மாற்றும். இதில் எனக்கு இரண்டு முட்டுக்கட்டைகள். கரண்ட் ஷட்டவுன் நாட்களில் திருமங்கலத்தில் வீட்டிலிருந்து லேப்டாப்பில் வேலை பார்ப்பேன். அங்கே எஃப்2 அடித்தால் சவுண்ட் குறைகிறது. எஃப்என்+எஸ்கேப் அடித்து, மேல்வரிசை கீகள் எஃப் கீகளாகவே வேலை செய்யும்படி பூட்டிய பிறகு சரியானது. இது எல்லா லேப்டாப்பிலும் இப்படியே இருக்காது. இன்னொன்று தமிழ் டைப்பிங். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற எஃப்2-வைத்தான் வைத்திருந்தேன். பெயர் மாற்றும் பெட்டி வருவதற்குப் பதில் கோடுக்கு நடுவில் 'ய' வந்து உட்கார்ந்தது. எடிட்டருக்கு முன்னால் அந்த சாஃப்ட்வேர் கீயைப் பறித்துக்கொள்வதால், எடிட்டர் செட்டிங்கில் தேடிப் பயனில்லை. தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரிலேயே வேறு கீ கொடுத்துவிட்டேன்.

கம்ப்யூட்டரை இயக்கும் சிஸ்டம் அலுவலகத்தில் உபுண்டு, வீட்டில் விண்டோஸ். கீகள் பெரும்பாலும் ஒன்றுதான், சில மாறும். எஃப்12 அடித்து ஒரு ஃபங்ஷன் எழுதிய இடத்துக்குப் போனபின் திரும்பி வர விண்டோஸில் ஆல்ட்+இடது அம்பு, உபுண்டுவில் கன்ட்ரோல்+ஆல்ட்+மைனஸ். விரல் குழம்புகிறது. கன்ட்ரோல்+கே, கன்ட்ரோல்+எஸ் அடித்து வரும் பக்கத்தில் உபுண்டுவிலும் ஆல்ட்+இடது அம்பு என்றே மாற்றிக்கொண்டேன்.

மவுஸை ஒரேயடியாகத் தூக்கிப் போடவும் இல்லை. இரண்டு பேர் ஒரே ஃபைலைத் திருத்தி மோதிக்கொண்டதைச் சரிபார்க்கும்போது வீலை உருட்டி மெதுவாகப் படிப்பதே எனக்கு வசதி. இப்போதைய எரிச்சல் டெர்மினலுக்கும் (எடிட்டருக்குள்ளேயே கட்டளைகளை டைப் செய்யும் பகுதி) கோடுக்கும் தாவுவது. டெர்மினலுக்குப் போக எஸ்கேப்புக்குக் கீழே இருக்கும் கீயை கன்ட்ரோலோடு அடிக்க வேண்டும், கோடுக்குத் திரும்ப கன்ட்ரோல்+1. முதலாவது வந்துவிட்டது, இரண்டாவதுக்கு இன்னும் கை மவுஸுக்குத்தான் போகிறது.