எனக்கு நடக்கத் தெரியும்லா டீச்சர்

அந்தக் கதை எல்லோரும் கேட்டதுதான். கண் தெரியாதவர் ஒருவர், கால் வராதவர் ஒருவர். ஊரில் தீப்பிடிக்கிறது. அவர் இவரைத் தோளில் தூக்கிக்கொள்ள, இவர் வழி சொல்ல, இரண்டு பேரும் தப்பித்துவிடுகிறார்கள். என் சின்ன வயதில் எங்கள் டீச்சர் சொன்னதை அப்படியே நானும் சொன்னேன். கதையில் வரும் 'குருடன்', 'நொண்டி' என்ற சொற்களைக்கூட மாற்றவில்லை. முடித்துவிட்டு, "இதுலேருந்து என்ன தெரியுது?" என்று கேட்டேன். "ஒருத்தருக்கொருத்தர் உதவி செய்யணும் டீச்சர்" என்று மொத்த வகுப்பும் ராகம் போட்டுச் சொன்னது. பாடம் நன்றாகப் போனது என்ற திருப்தியோடு வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

திருநெல்வேலிப் பக்கம், சேரன்மகாதேவிக்கும் முக்கூடலுக்கும் நடுவில் ஓர் ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வகுப்புகள் என் பொறுப்பு. இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். குறைமாதத்தில் பிறந்தவன், மூளை முடக்குவாதம், இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பான். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வந்து பயிற்சி கொடுப்பார். நல்ல வாய்க்காரன். சண்டையில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான்.

மறுநாள் இடைவேளையில் வேப்பமரத்தடியில் ஒரே கூச்சல். நான்கு பையன்கள் அவன் முன்னால் குனிந்து நிற்கிறார்கள். "ஏல நொண்டி, ஏறுல! தீப்பிடிச்சிட்டுல்லா!" அவர்கள் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. முந்தின நாள் நான் சொல்லிக் கொடுத்த உதவியைத்தான் உண்மையான அக்கறையோடு செய்துகொண்டிருந்தார்கள். அவன் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும், "டீச்சர், எனக்கு நடக்கத் தெரியும்லா?" என்றான்.

அதற்கு முன்பு அவனை ஒருத்தரும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பேரைக் கொடுத்தது என் கதை.

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அது பயிற்சியில் சொல்லித் தந்தது, எனக்கு மனப்பாடம். வகுப்பில் எந்தக் கதையைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை மட்டும் எந்தப் பயிற்சியிலும் நான் கேட்டதாக நினைவில்லை. குறையுள்ள பிள்ளை கதைக்குள் வந்தாலே போதும் என்று நினைத்திருந்தேன். எந்த வேலைக்காக வருகிறது என்று பார்க்கவில்லை. தூக்கிச் சுமக்கப்படுவதற்கும், மற்றவர்களுடைய நல்ல மனதைக் காட்டுவதற்கும் மட்டும் வருகிறது என்றால், அது வராமலே இருக்கலாம்.

அதன்பிறகு கதைப் புத்தகங்களை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். சக்கர நாற்காலியில் இருக்கும் பெண் பிள்ளை பட்டம் விடுகிறாள், நூல் அறுந்து போகிறது, ஊரெல்லாம் தேடுகிறாள் என்று ஒரு கதை இருந்தால் அதை எடுத்துக்கொள்வேன். "அவளைக் கண்டு நாம் இரக்கப்பட வேண்டும்" என்று கடைசிப் பக்கம் சொன்னால் அப்படியே பீரோவுக்குள் வைத்துவிடுவேன்.

"என்ன தெரியுது?" என்ற கேள்வியையும் விட்டேன். விடுவது லேசாக இல்லை, வாய் தன்பாட்டுக்குக் கேட்டுவிடும். எங்கள் ஆச்சி கதை சொன்னால் "கதை முடிஞ்சுது, கத்தரிக்கா காச்சுது" என்று எழுந்து போய்விடுவாள். கி. ராஜநாராயணன் ஊர் ஊராகத் திரட்டிய நாட்டார் கதைகளிலும் கூட்டிப் பெருக்கி நீதி சொல்கிற வேலை பெரும்பாலும் இருக்காது. பள்ளிக்கூடத்துக்குள் வந்த பிறகுதான் கதைக்கு வால் முளைத்தது என்று நினைக்கிறேன்.

வாலை வெட்டியதும் பிள்ளைகள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் மூன்றாம் வகுப்புப் பையன் கேட்டான்: "டீச்சர், புக்குல வர்ற அம்மையெல்லாம் ஏன் பீடி சுத்த மாட்டேங்காவ?"

முக்கூடல் பக்கத்தில் இது சாதாரணக் கேள்வி. எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் பீடி சுற்றுகிற வீடு. புத்தகத்து அம்மாக்கள் சமைப்பார்கள், ஆபீஸ் போவார்கள், மிஞ்சினால் நாற்று நடுவார்கள். குழந்தைப் புத்தகங்கள் கண்ணாடியாகவும் இருக்கவேண்டும், சன்னலாகவும் இருக்கவேண்டும் என்று 1990-ல் ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கக் கல்வியாளர் எழுதினார். பிள்ளை அதில் தன் முகத்தையும் பார்க்கணும், அடுத்தவர் வீட்டையும் பார்க்கணும். அவர் கறுப்பினக் குழந்தைகளை மனதில் வைத்துச் சொன்னது முக்கூடலுக்கும் சரியாகவே இருக்கிறது. எங்களிடம் இருந்ததெல்லாம் சன்னல். அதிலும் முக்கால்வாசி மெட்ராசைப் பார்த்த சன்னல்.

சரி, நாமே ஒரு புத்தகம் போடுவோம் என்றேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், எட்டுப் பக்கம், நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின். ஆளுக்கொரு படம், ஒரு வரி. கேள்வி கேட்டவன் எழுதியது இது (சொளவு என்றால் முறம்): "அம்மை மடியில சொளவு. சொளவுல இலை. இலைக்குள்ள தூள். எனக்கு இடமில்லை."

எழுத்துப் பிழை ஒன்றிரண்டு இருந்தது. திருத்தக் கை வரவில்லை.

இரண்டு நாளில் அவன் அம்மா வந்துவிட்டார். வாசலிலேயே நின்று, "பீடி சுத்துததையெல்லாம் புக்குல போடலாமா டீச்சர்? நாளப்பின்ன எம்மவன பீடிக்காரி மவன்னு சொல்ல மாட்டாவளா?" என்றார். நியாயம்தான். அவர் வீட்டைப் பற்றி எழுத வைத்தேன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணாடி வேண்டுமா என்று கேட்காமலே முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறேன். "தப்புதாம்மா, நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்று புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். தனக்கு வாசிக்கத் தெரியாது என்றார். பையன் பக்கத்தில் வந்து நின்று தன் பக்கத்தை விரல் வைத்து வாசித்தான். கடைசி வரியில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து அவன் திருப்பிக் கொண்டுவந்தான். ஸ்டேப்ளர் பின் இல்லை. அதற்குப் பதில் பீடி நூலால் மூன்று இடத்தில் இறுக்கித் தைத்திருந்தது. அந்த முடிச்சு இன்றுவரை அவிழவில்லை.

சூளைப் பிள்ளை வந்ததும் அந்த வருடம்தான். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம், செங்கல் சேம்பரில் வேலை. இரண்டாம் வகுப்பு வயது, தமிழ் தெரியாது, வாயே திறக்க மாட்டாள். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே படக்கதை பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு கதையைத் தமிழிலும் ஒடியாவிலும் இறக்கி ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வந்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். அவளுக்கு ஒடியாவும் வாசிக்கத் தெரியாது, பள்ளிக்கூடம் போனால்தானே! கடைசியில் அவள் அப்பாவை வரச் சொன்னோம். காலில் ஒட்டிய செம்மண்ணோடு வந்து, கூச்சத்தில் நெளிந்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தார். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். தண்ணீர் வரும் பக்கத்தில் அவர் 'பாணி' என்றதும் ஒருத்தி எழுந்து, "பானிபூரி பானியா டீச்சர்?" என்றாள். அதுதான் என்றேன். அன்று முதல் தண்ணீர்க் குழாயடியில் எல்லோருக்கும் தண்ணீர் 'பாணி' ஆனது. அந்தப் பிள்ளை முதல் தடவையாக மற்றவர்களுடைய உச்சரிப்பைத் திருத்தினாள். மழை பிடித்துச் சூளை நின்றதும் ஊருக்குப் போய்விட்டார்கள். இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது.

இவ்வளவும் சொல்லிவிட்டுச் சாதியைச் சொல்லாமல் போனால், எங்கள் ஊர்க்காரர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். கையில் கட்டும் கலர் கயிறைப் பார்த்தே யார் என்ன ஆள் என்று சொல்லிவிடும் ஊர் இது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. ஆனால் அது கையில் கயிறு ஏறிய பிறகு உள்ள கதை. நான் பார்ப்பது அதற்கு முன்னால் உள்ளது. பாயில் வட்டமாக உட்காரும்போது ஒரு பெண் பிள்ளை இன்னொருத்தியை விட்டு ஒரு சாண் நகருவாள். ஏன் என்றால், "ஆச்சி ஒட்டி உக்காரக் கூடாதுன்னு சொல்லிச்சு."

சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிடும் கதை ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கதைல சரி டீச்சர். ஆச்சி ஏசுனா நீங்க வருவீங்களா?"

இன்றைக்கும் என்னிடம் அதற்குப் பதில் கிடையாது. ஆச்சியிடம் பேசப் போனேன், திண்ணையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, வந்த விஷயத்தைப் பேச விடாமலே அனுப்பிவிட்டார். வகுப்பில் ஒன்று மட்டும் செய்தேன். இரண்டு பேருக்கு ஒரே புத்தகம், ஆளுக்கொரு ஓரத்தைப் பிடிக்கணும். புத்தகம் பத்தாக்குறை என்று காரணம் சொன்னேன், அது பொய்யும் இல்லை. படம் தெரியணும் என்றால் நெருங்கித்தானே ஆகணும். கதை நேரத்தில் அந்த ஒரு சாண் இல்லாமல் போகும். மணி அடித்ததும் திரும்பி வந்துவிடும். சில நாள் மணி அடித்த பிறகும் கொஞ்ச நேரம் வராமல் இருக்கும். இதைச் சாதனை என்று எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாது.

அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் வந்தபோது நான் முதலில் சொன்ன, காலை இழுத்து நடக்கும் பையன் மூன்றாம் வகுப்பு. அந்தப் புத்தகங்களுக்கு நான்கு படி: நுழை, நட, ஓடு, பற. பேரைப் பார்த்ததும் எனக்குத்தான் திக்கென்றது. ஒரு நாள் மதியம், முன்பு அவன் முன்னால் முதுகைக் குனிந்து நின்ற நால்வரில் ஒருவன் அழுதுகொண்டே வந்தான்.

"என்னல?"

"அவன் 'ஓடு'க்குப் போயிட்டான் டீச்சர். என்னைய மட்டும் இன்னும் 'நட'யிலயே வச்சிருக்கீங்க."