சிரட்டைத் தோணி

அந்த அக்காவுக்கு நான் சொன்ன பதிலில் பிழையில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன். ஆனாலும் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அதுதான் நினைவுக்கு வருகிறது.

"அண்ணா தடுப்பு முகாமில இருக்கேக்க செய்தது. எவ்வளவு தருவியள், தம்பி?"

உள்ளங்கைக்குள் அடங்குகிற தோணி. கண்ணாடிச் சில்லால் சுரண்டிய கோடுகள் உட்பக்கத்தில் அப்படியே கிடந்தன. வெளிப்பக்கம் மட்டும் தேய்த்துத் தேய்த்து மினுங்கியது. முன்முனையில், அணியத்தில், நூல் கோக்க ஒரு துளை. நல்ல கைவேலை, அதைச் சொல்லவும் சொன்னேன்.

"இப்ப எடுக்க ஆள் இல்லை அக்கா. ஒரு நூறு வருஷம் போகவேணும்."

பகிடி இல்லை. பழம்பொருள் வியாபாரத்தில் இப்படித்தான் பேசுவோம். அவர் கண்ணாடி அலுமாரியைக் காட்டினார். "அதுவும் மறியல்ல இருந்த ஆள் செய்ததுதானே?"

போயர் கைதி ஒருவர் செதுக்கிய மரப்பெட்டி அது. போயர்கள் என்றால் தென்னாபிரிக்காவில் குடியேறிய ஒல்லாந்தர் வழிவந்தவர்கள். அங்கே பிரிட்டிஷாரோடு நடந்த போரில் பிடிபட்டவர்களை 1900இல் பிரிட்டிஷார் கப்பலேற்றி இங்கே, இலங்கைக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். மொத்தம் 5,000 பேரளவில், பெரும்பாலும் மலைநாட்டுத் தியத்தலாவை முகாமில். பொழுதுபோகவும் கைச்செலவுக்கும் புகைக்குழாய், கைத்தடி, பெட்டி என்று செதுக்கி விற்றார்கள். எங்கள் பெட்டியின் மூடியில் செதுக்கியவரின் பெயரும் முகாமின் பெயரும் 1901 என்ற ஆண்டும் வெட்டியிருக்கிறது. அந்த வெட்டுக்குத்தான் விலை, மரத்துக்கில்லை. இதையெல்லாம் விளக்கிவிட்டு, "அண்ணா பேர், இடம், வருஷம் ஏதும் போட்டிருந்தால்..." என்று இழுத்தேன்.

"ஆர் தம்பி அதில பேர் போடுவினம்?"

எனக்கு வாயடைத்துவிட்டது. போயர்காரன் தன் பெயரையும் முகாமையும் பயமில்லாமல் வெட்டினான்; 1902இல் சமாதானம் வந்தது, ஊருக்குத் திரும்பினான். தடுப்பில் இருந்தவருக்குப் பெயர் மறைந்திருப்பதே நல்லது. அதற்காக ஆதாரம் கேட்காமல் விடலாமா? கேட்பதுதானே தொழில். ஆனால் எல்லாவற்றுக்கும் அப்படிக் கேட்கிறோமா என்றால், இல்லை. முதலாம் உலகப் போரின் பித்தளை ஷெல் கோதில், அதாவது பீரங்கிக் குண்டின் வெற்று உறையில், செய்த பூச்சாடிகள் எங்களிடம் உண்டு. அடியில் பதிந்திருப்பது கோது செய்த ஆண்டு, பூ வேலை செய்த ஆண்டல்ல. போர் முடிந்தபிறகு ஊர்ச்சனங்களே அப்படிச் செய்து சுற்றுலாக்காரருக்கு விற்றதும் ஏராளம். நாங்களோ கண்ணை மூடிக்கொண்டு 'போர்வீரர் கைவேலை' என்று துண்டு ஒட்டுகிறோம்.

முதலாளியிடம் சொன்னேன். "எடுத்திருந்தால் அதுக்கு என்ன துண்டு ஒட்டியிருப்பாய்?" என்று மட்டும் கேட்டார். எல்லோரும் போய்வருகிற காலி வீதியைப் பார்த்த எங்கள் கடைக் கண்ணாடிக்குள், தடுப்பு முகாமில் செய்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதிவைக்க எனக்குத் துணிவு வந்திராது. அப்படியானால் அன்றைக்கு நான் வேண்டாம் என்றது விலைக்காகவா, பயத்திலா? இரண்டும்தான் என்று வைத்துக்கொள்கிறேன். சில நாள் விலைக்காக மட்டும்தான் என்று அடித்துச் சொல்லவும் தோன்றுகிறது.

சொந்தக் காசில் வாங்கியிருக்கலாமே என்கிறாள் மனைவி. வாங்கி ஷோகேஸில் வைக்கலாம். வருகிறவர்கள் எங்கே எடுத்தது என்று கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டேன். அவளும் பேசவில்லை.